தொய்ந்த கயிறு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஊருணிக் கரைக்குப் போகும் செம்மண் பாதையில் நான் குப்புற விழுந்தேன். கால் வழுக்கவில்லை, கல் தடுக்கவில்லை. இடிந்த மதில் ஒன்றின்மேல் மயில் உட்கார்ந்திருந்தது. என் கையில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் என் நாய் சீயம் இருந்தான். மயில் எழும்பியது, சீயம் எழும்பினான், அவனுக்குப் பின்னால் நானும் எழும்பினேன். தரைக்கு வந்தபோது இடது மணிக்கட்டில் விரிசல். கயிறு நழுவிவிடக் கூடாதென்று கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்த என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஆறு வார மாவுக்கட்டு கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பச்சி, அதாவது என் அப்பா, திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் சேலையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். நாக்கைத் தொங்கவிட்டு நின்ற சீயத்தைப் பார்த்தார். "எல்லா ஊரிலும் வாகனத்தின்மேல் சாமி உட்கார்ந்து போகும். நம் வீட்டில்தான் வாகனம் முன்னால் ஓடுகிறது, சாமி பின்னால் தரையில் இழுபட்டு வருகிறது" என்றார். அதற்கப்புறம்தான் என் கையைப் பார்த்தார்.

நாங்கள் வைரவன் கோயில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள், ஒவ்வொரு குடும்பமும் அவற்றில் ஒன்றைச் சேர்ந்தது, எங்களுடையது வைரவன்பட்டி. வைரவருக்கு வாகனம் நாய். ஆகவே எங்கள் வீட்டில் நாயைக் கல்லால் எறியக் கூடாது, காலால் எத்தக் கூடாது. வீட்டுக்குள் விடலாமா என்பதில் மட்டும் மூன்று தலைமுறையாகத் தீர்ப்பு வரவில்லை.

சீயம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். தாய் அசல் சிப்பிப்பாறை. தகப்பன் யாரென்று அந்த ஊர்த் தெருவுக்குத்தான் தெரியும். வந்த அன்று, நெய்யில் பொரித்தெடுத்த சீயம் என்னும் பலகாரம் போலப் பழுப்பாக, உருண்டையாக இருந்தான். அத்தை வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உருண்டை நிலைக்கவில்லை. ஆறே மாதத்தில் தாயின் உடம்பு வந்துவிட்டது: நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, கத்தி போல முகம். சிப்பிப்பாறை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கால் புறப்பட்டுவிடும். முயல் பிடிக்க வளர்த்த நாய். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தொழிலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. ஆனால் சட்டம் வந்த விஷயத்தை நாயின் காலுக்கு யாரும் சொல்லவில்லை.

விழுவதற்கு முன்பு நான் செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறேன். முதலில் சாதாரணக் கழுத்துப் பட்டை. சிப்பிப்பாறைக்குக் கழுத்தைவிடத் தலை பெருத்ததில்லை. பின்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு, என் கையில் வெறும் பட்டையைக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். இரண்டாவது, கைப்பிடிக்குள் நாடா சுருண்டிருக்கும் வகை. நாய் போகப் போக நாடா நீளும். பார்ப்பதற்கு வசதி. உள்ளே இருக்கும் சுருள்வில் நாடாவை எந்நேரமும் விறைப்பாகவே வைத்திருக்கிறது என்பதும், இழுத்தால் இன்னும் நாலடி கிடைக்கும் என்று அது நாய்க்குப் பாடம் நடத்துகிறது என்பதும் பிறகுதான் உறைத்தது. மூன்றாவது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் இரும்புச் சங்கிலி. "இரண்டு தரம் இறுக்கினால் மூன்றாம் தரம் இழுக்காது" என்றார்கள். இரண்டு நாள் இறுக்கினேன். அவன் இருமிக்கொண்டே இழுத்தான். கழுத்தில் பட்டை அழுத்தும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வைப் படித்த அன்று, சங்கிலியைக் கழற்றி மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டினேன். இன்றும் அங்கேதான் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நாள்கூட, இவன் ஏன் இழுக்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. கொழுப்பு என்று நினைத்தேன். அப்பச்சி அதை இனம் என்றார். எதிர்வீட்டில் செவ்வாய் தோஷம் தவிர மற்றதெல்லாம் சொன்னார்கள்.

மாவுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆறு வாரத்தில்தான் பதில் கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் தெரு வழியாக ஒருவர் கண்மாயிலிருந்து காளையைக் கூட்டிக்கொண்டு போவார். மஞ்சுவிரட்டுக் காளை. தை பிறந்து மூன்றாம் நாள் சிராவயல் பொட்டலில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு நடுவில் ஒருவனையும் கிட்டே அண்டவிடாது என்று பெயர் எடுத்தது. மார்கழி நெருங்குவதால் நீச்சலுக்கு விட்டுக் கூட்டி வருகிறார். திமில் ஈரத்தோடு மின்ன, அது அவருக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும். நான் பல நாள் காளையைத்தான் பார்த்தேன். ஒரு நாள் தற்செயலாகக் கயிற்றைப் பார்த்தேன். அது நடுவில் தொய்ந்து, கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுக்கொண்டு வந்தது. பிடித்திருந்தவரின் விரல்கள்கூட மூடியிருக்கவில்லை.

"அண்ணே, இது எப்படி இழுக்காமல் வருகிறது?" என்று கேட்டேன்.

நின்றார். காளையும் நின்றது. "நான் இழுக்கவில்லை ஆச்சி. அது யாரை இழுக்கும்?" என்றார்.

மூக்கணாங்கயிறு இருக்கிறதே, வலிக்குமல்லவா, அதனால் வருகிறது என்று நான் விடவில்லை. "மூக்கணாங்கயிறு போட்ட மாடெல்லாம் இப்படியா வருகிறது? வண்டிக்காரர்களைப் பாருங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கன்றாக இருந்தபோது இது இழுத்தால் நின்றுவிடுவேன். திரும்பிப் பார்த்தால் நடப்பேன். பலத்தில் மாட்டை ஜெயிக்க முடியுமா? இப்போது ஜெயித்தாலும் மூன்று வருஷம் கழித்து முடியுமா? விட்டுத்தான் பிடிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீயத்தை ஒரு பார்வை பார்த்துக் கொஞ்சம் நடத்திக் காட்டுங்களேன் என்றதற்கு, நாய் விஷயம் தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். நாய் வளர்க்காதவர்கள்கூட நாய் வளர்ப்பில் பண்டிதர்களாக இருக்கும் ஊர் இது.

விட்டுப் பிடி என்று நாம் ஆயிரம் தடவை சொல்கிறோம், பெண் பார்க்கிற இடத்தில், நிலம் பேசுகிற இடத்தில், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை விஷயத்தில். அது கயிற்றிலிருந்து வந்த பேச்சு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் தொழிலால் கணக்கு எழுதுகிறவள். அன்று இரவு சீயத்தின் பேரேட்டை அவன் பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். இழுப்பு ஒன்று: வரவு, மின்கம்பம். இழுப்பு இரண்டு: வரவு, ஆட்டுப்புழுக்கை. இழுப்பு மூன்று: வரவு, பக்கத்துத் தெரு முழுவதும். செலவுப் பத்தியில் கொஞ்சம் இருமல். ஐந்தொகை போட்டால் லாபம் அவனுக்குத்தான். ஒவ்வொரு தடவை அவன் இழுத்தபோதும் நான் பின்னாலேயே நடந்து போய் அவன் கேட்டதைக் கையில் கொடுத்திருக்கிறேன். அவன் ஏன் நிறுத்துவான்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வில் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, உள்ளே இருக்கும் கொக்கியையோ கயிற்றையோ அசைத்தால் கதவு திறக்கும்படி வைத்தார். வெளியே மீன். முதலில் எதையெல்லாமோ பிறாண்டிய பூனை, போகப் போகக் கதவைத் திறந்த அந்த ஒரு செய்கையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டது. பலன் தந்தது தங்கும், தராதது உதிரும். சீயத்துக்கு நான்தான் கதவு. இழுத்தால் திறந்தேன்.

இன்னொன்றும் உண்டு. நாயைப் பின்னால் இழுத்தால் அது முன்னால் சாய்கிறது. இதில் வீம்பு எதுவும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் முதுகில் ஒருவர் நெருக்கினால் நாம் என்ன செய்கிறோம்? அவர் மேலேயே பின்னால் சாய்ந்து ஊன்றுகிறோம். விழாமலிருக்க உடம்பு தானாகச் செய்கிற வேலை. இழுக்காதே என்று நான் இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அவனுக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்த இழுப்புத்தான்.

ஆகவே பாடம் தெருவில் தொடங்கவில்லை. வீட்டின் நடுமுற்றமான வளவில் தொடங்கியது, அதுவும் கயிறே இல்லாமல்.

எங்கள் வீடு இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் போல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டவாசல் என்று நூற்றைம்பது அடிக்குக் குறையாத நடை. ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி நடந்த இடம். இப்போது நானும் அப்பச்சியும். வளவைச் சுற்றி உள்ள அறைகள் பங்காளிகளுடையவை. பூட்டுகள் எங்கெங்கோ இருக்கும் சாவிகளுக்காகக் காத்திருக்கின்றன. சீயத்துக்கு அந்தக் கதவுகளின் அடி இடுக்குகளில் மூக்கை வைத்து உறிஞ்சுவது ஒரு தினசரி வழிபாடு. பர்மாத் தேக்கு வாசனையா, வௌவால் வாசனையா, அவனுக்குத்தான் வெளிச்சம்.

அந்த வீட்டின் தரை எனக்கு உதவியது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கிறார்கள். அதனால்தான் மெருகு போடாமலே அப்படி வழவழக்கிறது. நாயின் நகத்துக்கு அதில் பிடி கிடையாது. பாய்ந்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும். தெருவில் புலியாக இருந்தவன் பட்டாலைக் கூடத்தில் பயந்த மாமியார் போல அடிமேல் அடி வைத்து நடந்தான். அவசரப்படாத நாய்க்குத்தான் எதையும் சொல்லித்தர முடியும். தரையில் உள்ள பூ வரிசை எனக்கு அளவுகோலானது. ஒரு பூ தாண்டும் வரை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு துண்டுக் கோழி. பிறகு இரண்டு பூவுக்கு ஒன்று. பிறகு ஐந்துக்கு. நாள்தோறும் மூன்று வேளை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் அவனுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு.

கோழித் துண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீட்டுக் குழம்பில் கிடந்த கறியை எடுத்துக் கழுவிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். சின்ன வெங்காயம் இல்லாத செட்டிநாட்டுக் குழம்பு கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உப்பு, மிளகாய் ஏதும் இல்லாமல் தனியாக வேகவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். அளவு பெரிதாக இருந்தால் மெல்லுவதற்கு நிற்கிறான், பாடம் அறுந்துபோகிறது. கொடுக்கிற இடமும் முக்கியம். முன்னால் கையை நீட்டிக் கொடுத்தால் முன்னால் வரக் கற்றுக்கொள்வான். முழங்காலை ஒட்டி, கால்சட்டைத் தையலோ சேலை மடிப்போ இருக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். வழக்கமாக நாயை இடப்பக்கம்தான் நடத்துவார்கள். என் இடக்கை கட்டில் இருந்ததால் சீயம் வலப்பக்க நாயாகிவிட்டான்.

அப்பச்சிக்கு இது பிடிக்கவில்லை. "நடப்பதற்கு லஞ்சமா? வட்டிக்கடையில் வேலை பார்த்த பையன்களுக்குக்கூட உங்கள் ஐயா இப்படிக் கொடுத்ததில்லை" என்றார். சம்பளம் கொடுத்தாரல்லவா என்றேன். "அது மாசக் கடைசியில். நீ அடிக்கு ஒரு தரம் கொடுக்கிறாய்."

அவன் சரியாகச் செய்த அந்தக் கணத்தைச் சுட்டிக்காட்ட ஒரு சொல் வேண்டும். சொல் விழுந்தால் கோழி வரும் என்று அவன் தெரிந்துகொள்வதற்காக. நான் "சரி" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மார்ச் வந்தால் என்னைப் போன்ற கணக்கர்கள் தொலைபேசியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சரி சொல்கிறோம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு சரிக்கும் ஒரு நாய் ஓடிவந்து முழங்காலை முட்டியது. மூன்றாம் நாள் "ஆகா"வுக்கு மாறிவிட்டேன். ஆகா சொல்லும்படி என் வாடிக்கையாளர்கள் எதுவும் செய்வதில்லை.

அடுத்த சிக்கல் கயிறு. கயிற்றை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டதும் சீயம் தூணைச் சுற்றி வட்டமடிப்பான், ஊளையிடுவான். அந்தக் கொதிப்போடு வாசற்படி தாண்டுகிறவன் தெருவில் எப்படி அடங்குவான்? ஆகவே கயிற்றை எடுத்தேன், அவனுக்கு மாட்டினேன், உட்கார்ந்து கணக்கு எழுதினேன். அரை மணி கழித்துக் கழற்றினேன். மறுபடி எடுத்தேன், அடுப்படிக்குப் போனேன், கொத்தமல்லி ஆய்ந்தேன், ஆணியில் மாட்டினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. நாலாம் நாள் அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனான். இதைப் பார்த்த வேலைக்கார அக்கா என் மணிக்கட்டு மட்டும்தான் உடைந்ததா என்று அப்பச்சியிடம் விசாரித்ததாகக் கேள்வி.

கட்டுப் பிரித்த பிறகு, மார்கழியில் தெருவுக்கு இறங்கினோம். ஆறடிப் பருத்திக் கயிறு, மார்புப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ். முதுகில் வளையம் இருந்தால் வண்டி மாடு போல முழுப் பலத்தோடு இழுப்பான். மார்பில் இருந்தால் இழுக்கும்போது உடம்பு பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்க்க நேர்கிறது. அதற்காக ஹார்னஸ் கற்றுக்கொடுத்துவிடும் என்றில்லை. என் தோளைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கயிற்றின் வளையத்தைப் பெருவிரலில் மாட்டி உள்ளங்கைக்குள் மடித்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சுற்றுவது இனி இந்த ஜென்மத்தில் இல்லை.

விதி ஒன்றுதான். கயிறு தொய்ந்திருந்தால் நடப்போம். விறைத்தால் நிற்பேன். இழுக்க மாட்டேன், திட்ட மாட்டேன், நின்றுகொண்டிருப்பேன். அவன் ஒரு அடி திரும்பினால், கழுத்தைத் திருப்பிப் பார்த்தால்கூடப் போதும், கயிறு தளரும். ஆகா, கோழி, நடை. முதல் நாள் முப்பத்தைந்து நிமிஷத்தில் நான்கு வீடு தாண்டினோம். தெருவே கோலம் போட்டுக்கொண்டிருந்தது. "ஆச்சி, போக மாட்டேன் என்பது நாயா, நீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் போட்ட பதினேழு புள்ளிக் கோலத்துக்கு அரையடி இப்பால் கயிறு விறைத்து நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அந்த அரையடி என்னவாகும் என்ற பதற்றத்தில் கோலப்பொடிக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் நின்றாள்.

இரண்டாம் நாள் ஆறு வீடு. மூன்றாம் நாள் ஒன்பது. நான் மனத்துக்குள் மாலை போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவன் முன் எப்போதும் இழுக்காத இழுப்பு இழுத்தான். நின்றால் குரைத்தான், கயிற்றைக் கடித்தான், என் மேல் தாவினான். எல்லாம் பாழ் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிறகுதான் புரிந்தது. தெருவில் அடிகுழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் நாம் உடனே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை. இன்னும் வேகமாக நாலு அடி அடித்துப் பார்க்கிறோம். அது குழாய் வற்றிவிட்டதற்கான அடையாளம். இந்தக் கட்டத்தில் இரங்கி ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், வேகமாக அடித்தால் வரும் என்று அவன் எழுதிக்கொள்வான்.

விட்டுக்கொடுத்தேன், ஒளிப்பானேன். ஒரு நாள் ஜி.எஸ்.டி. கடைசித் தேதி, தொலைபேசியில் ஒருவர் அலறிக்கொண்டிருந்தார், சீயம் என்னை ஒரு தெரு தூரம் இழுத்துப் போனான், நானும் போனேன். அந்த ஒரு நாளுக்கு ஒரு வாரம் வட்டி கட்டினேன். எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதற்குத்தான் பிடிப்பு அதிகம். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு லாட்டரியில் ஒரு தடவை நூறு ரூபாய் விழுந்தது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை அவர் சீட்டு வாங்குவதை நிறுத்தவில்லை. தடையை அவர் மேல் நடந்த தனிப்பட்ட தாக்குதலாகவே எடுத்துக்கொண்டார்.

மயில் மட்டும் வேறு கணக்கு. இருநூறு அடிக்கு அப்பால் மயில் நின்றால் சீயம் பார்ப்பான், கோழியும் தின்பான். நூறு அடியில் பார்ப்பான், கோழியை வாயில் வாங்கிக் கீழே போடுவான். ஐம்பது அடியில் கோழி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. காது நிமிர்ந்து, உடம்பு வில்லாகி, என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும் அவனுக்கு. அந்த நிலையில் பாடம் நடத்துவது, பிள்ளை பேயாடும்போது வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதற்குச் சமம். ஆகவே இருநூறு அடிக் கோட்டிலேயே நாட்களைக் கழித்தோம். எங்கள் ஊரில் அதற்கு இடம் உண்டு. அகலமான நேர்த்தெருக்கள், ஆளில்லாத பெரிய வீடுகள், கோட்டை போன்ற மதில்கள். எதிரே எது வருகிறது என்பது ஒரு பர்லாங்குக்கு முன்பே தெரியும். இந்தத் தெருக்களின் வெறுமையைப் பற்றி வருத்தப்பட்டு நானே நிறைய எழுதியிருக்கிறேன். நாய்க்கு நடை கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பதை இங்கே தனியாகப் பதிவு செய்கிறேன்.

தெரு நாய்கள் விஷயத்தில் அந்த வெறுமையும் உதவவில்லை. தெருவுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு எல்லை. அவற்றைக் கண்டதும் நான் பயத்தில் கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பேன். கயிறு விறைத்ததும் சீயத்தின் மார்பு முன்னே வரும், தலை உயரும். எதிரே நிற்பவை அதைச் சவாலாக எடுத்துக்கொள்ளும். சண்டையை நான் கயிறு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். இதை விடுவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இன்றும் முழுக்க வரவில்லை. இப்போது நேருக்கு நேர் போவதில்லை. தெருவின் மறு ஓரத்துக்கு வளைந்து போகிறோம், அல்லது வந்த வழியே திரும்புகிறோம். திரும்புவதையும் வளவிலேயே பழக்கியிருந்தேன். "வா" என்றதும் வட்டமாகத் திரும்பி என்னோடு வருவான். ஆண்டுக்கொரு முறை வெறிநோய்த் தடுப்பூசி போடுவதை மட்டும் இந்தச் சாமர்த்தியங்களையெல்லாம் நம்பித் தள்ளிப்போடுவதில்லை.

பங்குனி வந்ததும் நேரத்தை மாற்றினோம். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் பொறுக்காது. காலை ஐந்தரை, இல்லையென்றால் இரவு எட்டு. மத்தியானம் முழுக்க அவன் ஆத்தங்குடித் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடப்பான்.

நடையில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு என்று ஒப்பந்தம். கண்மாய்க் கரை வந்ததும் பதினைந்தடிக் கயிற்றுக்கு மாற்றிவிடுவேன். அதை ஹார்னஸில்தான் மாட்டுவேன், கழுத்துப் பட்டையில் ஒருபோதும் இல்லை. இவனைப் போன்ற ஓட்டக்காரன் அந்த நீளத்தில் வேகமெடுத்துக் கயிறு தீர்ந்த இடத்தில் கழுத்தால் நின்றால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அவன் மூக்கு போன போக்குக்கு நான். ஒரு கருவேலந்தூரில் ஐந்து நிமிஷம் நிற்பான். டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் விட்டுப்போன பேச்சை நாலாவது ஆள் வந்து முழுக்கக் கேட்டு வாங்குவது போல, ஒரு புல் விடாமல் விசாரிப்பான். அரை மணி மோந்துவிட்டு வந்த நாள் வீட்டில் சத்தமே இருக்காது. ஓட்டிக் களைக்கவைத்த நாட்களில்கூட இப்படி அடங்கியதில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை. தும்பைக் கையில் வைத்துக்கொண்டே வாலைத் துரத்தினேன் ஒன்றரை வருஷம்.

போன மாதம் காளைக்காரர் எதிரே வந்தார். சீயம் காளையைப் பார்த்தான். கயிறு ஒரு கணம் நிமிர்ந்தது, மறுபடி தொய்ந்தது. அவர் நாயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "விரல் இன்னும் மூடியிருக்கிறது ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அப்பச்சிக்கு ஆசை வந்துவிட்டது. எண்பத்தொரு வயது, வலக்கையில் தடி. நாயை நான் கூட்டிப் போகிறேன் என்று நின்றார். மாட்டேன் என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் வளவுக்குள் மட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்க, என்று உடன்பாடு. தடி வலப்பக்கம் என்பதால் கயிறு இடக்கையில். சீயம் வலப்பக்க நாயாயிற்றே, குறுக்கே வந்து தடியைத் தட்டிவிடுவான் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அவர் இடது முழங்காலை உரசிக்கொண்டு, அவர் நின்றால் நின்று, அவர் தடி விழும் தாளத்துக்கு அடி வைத்து, முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் மூன்று நடை போய் வந்தான். கயிறு தரையைத் தொட்டது. எனக்கு மார்கழி முழுக்க, தை முழுக்க ஆன வேலை.

"எப்படி அப்பச்சி?"

"அவனுக்கு மரியாதை தெரியும். உனக்குத்தான் லஞ்சம் தேவைப்பட்டது" என்றார்.

அன்று மத்தியானம் துவைக்கப் போட்ட அவருடைய வேட்டியை உதறினேன். இடப்பக்க மடிப்பிலிருந்து தேன்குழல் துண்டுகள் கொட்டின. பட்டாணி அளவுக்கு ஒடித்தவை. அடுப்படியில் டப்பாவைத் திறந்து பார்த்தால், அத்தை கொண்டுவந்து வைத்ததில் முக்கால்வாசி காணோம். எண்ணெய்ப் பலகாரம், அதில் உப்பு வேறு, நாய்க்கு ஆகாது என்று போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. சீயம் எழுந்து வந்து அவர் இடப்பக்கம் உட்கார்ந்தான்.